அச்சேறிய தர்க்கம்

என்னை மேடையில் அறிமுகம் செய்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள். இளம் வயதில் நான் எழுதிய ஒரு கட்டுரை. ஸ்பெஷல் நாடகத்தில் வரும் தர்க்கக் காட்சியைப் பற்றி முறையாக எழுதியவர் இவர்தான், நாடகக்காரர்களே வியந்து போனார்கள் என்று சொல்லிவிட்டு, கைதட்டலுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நிறுத்துவார்கள். கைதட்டலும் வரும். எனக்கு அந்த நேரத்தில் உடம்பெல்லாம் கூசும். எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வேன். இப்படிக் கும்பிட்டே காலத்தை ஓட்டிவிட்டேன்.

மானங்கெட்ட பிழைப்பு என்று மற்றவர்களைப் பற்றி வாய் கூசாமல் எழுதியிருக்கிறேன். விமர்சகன் அல்லவா, அதற்குத்தானே பேனா கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை. இப்போதும் வரவில்லை, இழுத்து வைத்து எழுதுகிறேன். முன்பு ஒரே ஒரு தடவை எழுதியது அச்சேறவில்லை.

நான் புதுக்கோட்டைக் காலேஜில் சேர்ந்தது சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம். எங்கள் ஊர் கீரனூர்ப் பக்கம். பஸ்ஸை நம்பிப் படிக்க முடியாது என்று டவுனிலேயே ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் அறை பிடித்துக் கொடுத்தார் அப்பா. முன்கட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது, புருஷன் ஹார்மோனிய வித்துவான், நல்ல மனுஷன் என்று விசாரித்துவிட்டுப் போனார். அந்த வித்துவானின் மனைவி நாடக நடிகை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பச் சொல்லியிருப்பார். நானும் சொல்லவில்லை. அந்த வீட்டில் நான் மறைத்த முதல் விஷயம் அது.

அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அப்போது அவருக்கு முப்பது வயசுக்கு மேல் இருக்காது. ஐந்தாறு வயசில் ஒரு பெண் குழந்தை. மேடையில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். மதுரையிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் அவருக்கு நாடகத் தேதி இருந்தது. வீட்டில் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டு இருக்கும்போது பார்த்தால் இவரா அவர் என்று இருக்கும்.

ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்பெனி நாடகம் மாதிரி ஒரே முதலாளி, ஒரே கூட்டம், மாதக்கணக்கில் ஒத்திகை எல்லாம் இதில் கிடையாது. ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் வேண்டும் என்றால் ஏஜெண்டு ஆளாளுக்குக் கடிதம் போட்டுத் தேதி வாங்குவார். கதாநாயகன் வேஷம் போடும் ராஜபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையிலிருந்து போவார், பபூன் காரைக்குடியிலிருந்து. அன்று சாயங்காலம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரியும், பாட்டும் தெரியும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் எதிரெதிரே நின்று பேசும் தர்க்கம் மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் கேட்பார், இவர் பதில் சொல்ல வேண்டும். இவர் மடக்குவார், அவர் தப்பித்துக்கொள்ள வேண்டும். ஜனங்கள் அதற்காகவே நாலு மைல் நடந்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். யார் வாயடைத்து நின்றார் என்பதுதான் மறுநாள் டீக்கடையில் பேச்சு. வாயடைத்து நின்றவருக்கு அடுத்த வருஷம் அந்தப் பக்கம் தேதி கிடையாது.

அதனால் ஒவ்வொரு நடிகரும் தனக்கென்று கேள்விகளும் பதில்களும் சேர்த்து வைத்திருப்பார். சரக்கு என்பார்கள் அதை. கூடப் பிறந்தவர் அதே தொழிலில் இருந்தாலும் சொல்லிக் கொடுக்கமாட்டார்கள். நாளைக்கு அவரே எதிரே வந்து நிற்கலாம் இல்லையா.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஏஜெண்டுகளின் கடிதங்களைப் புருஷன்தான் வாசித்துச் சொல்வார், சரக்கையும் அவர்தான் நினைவில் வைத்திருந்து மேடையில் ஹார்மோனியத்துக்குப் பின்னாலிருந்து முதல் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். நான் பி.ஏ. முடிக்கிற வருஷம் அவர் விஷக்காய்ச்சலில் பத்தே நாளில் போய்விட்டார். அதற்குப் பிறகு கடிதம் வாசிக்கிற வேலை எனக்கு வந்தது. பதிலும் நான்தான் எழுதினேன். கடிதத்தில் ராஜபார்ட் யாரென்று வாசித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். இவர் பாட்டுக்காரர், கேள்வியை ரெண்டாக மடித்துக் கேட்டால் திணறுவார், இவரிடம் வைத்தியக் கேள்வி வேண்டாம், அப்பா நாட்டு வைத்தியர் என்று ஆளுக்குத் தகுந்தபடி பொறுக்கி எடுப்பார். எந்தக் காலேஜிலும் நான் இப்படி ஒரு பாடம் தயாரித்தவர்களைப் பார்த்ததில்லை. நான் தயாரித்ததும் இல்லை.

துக்கம் முடிந்து மறுபடி தேதிக்குப் போகத் தொடங்கியபோது அக்காவுக்கு ஒரு பயம் வந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை, மேடையில் ஏதாவது விட்டுப் போனால் என்ன செய்வது என்று. ஒரு நாள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கங்க. தேதிக்குப் போறப்ப ஒருக்கா வாசிச்சுக் காட்டுனீங்கன்னாப் போதும். வேற யாரு கண்ணுலயும் இது பட்டுரக் கூடாது. இதுதான் எனக்கும் எம்மகளுக்கும் சோறு."

படாதுக்கா என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

ஒரு மாதம் எழுதினோம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வார், நான் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து எழுதுவேன். அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன், மற்றவைதான் என் புத்தகத்தில் கிடக்கின்றனவே. மாறுவேடத்தில் வரும் ராஜகுமாரன் குடத்தோடு நிற்கிற பெண்ணிடம் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிற கட்டம். அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்பார்: "தண்ணீர் தருகிறேன். ஏந்துவதற்கு எந்தக் கையை நீட்டப் போகிறீர்? கும்பிடுகிற கையையா, வாள் பிடிக்கிற கையையா?" கும்பிடுகிற கை என்று ராஜபார்ட் சொன்னால், கும்பிட வந்தவருக்குக் கோயில் அந்தப் பக்கம், கிணற்றடியில் என்ன வேலை என்பார். வாள் பிடிக்கிற கை என்று சொன்னால், வாள் பிடித்த கை ஒரு பெண்ணிடம் ஏந்துகிறதே, வற்றிப்போனது உம் ஊர்க் கிணறா, உம் வீரமா என்பார். எந்தப் பக்கம் போனாலும் அடி. கூட்டம் விசிலடித்துத் தீர்த்துவிடும்.

இதை எழுதிய அன்று அக்கா, இதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்றார். கையே வேண்டாம், குடத்தைச் சாய், அண்ணாந்து குடித்துக்கொள்கிறேன் என்று எவனாவது சொல்லிவிட்டால் தன்னிடம் பதில் இல்லை என்றார். இத்தனை வருஷத்தில் யாருக்கும் அது தோன்றவில்லை, தோன்றுகிற வரைக்கும் தப்பித்தோம் என்று சிரித்தார். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு, லீவுக்கு வரும்போதெல்லாம் நோட்டை வாசித்துக் காட்டிக்கொண்டு வெளியூரில் எம்.ஏ. படித்துவிட்டு, பழைய காலேஜிலேயே ட்யூட்டராக வந்து சேர்ந்தேன். அதே பின்கட்டு அறை. மேலே வர வேண்டும் என்றால் ஆராய்ச்சி இதழில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும், புதிய செய்தியாக இருக்க வேண்டும் என்று எங்கள் துறைத் தலைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் தலைக்குள் புதிதாக ஒரு மண்ணும் இல்லை. நூலகத்தில் நாலு புத்தகத்தைப் புரட்டி ஐந்தாவது புத்தகம் எழுதுகிற வித்தைதான் கைவசம் இருந்தது. அக்காவின் நோட்டு மட்டும் என் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருந்தது.

ஒரு பூஜை விடுமுறையில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். மனசாட்சி உறுத்தவில்லையா என்றால், உறுத்தியது. அதற்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம்தான் இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. நாடகக்காரர்கள் எங்கே ஆராய்ச்சி இதழ் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எந்த ஜனங்களைப் பற்றி எழுதி மேலே வரப் பார்த்தேனோ, அவர்களைத் தற்குறிகள் என்று முடிவுகட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்காவின் பெயரைப் போடவில்லை. 'வாய்மொழியாகக் கேட்டுத் தொகுத்தவை' என்று அடிக்குறிப்பு. கல்யாணமாகாத ட்யூட்டர், புருஷன் இல்லாத நடிகை, ஒரே வீட்டில் முன்கட்டும் பின்கட்டும். பெயரைப் போட்டால் ஊர் என்ன பேசும் என்று பயம். அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் போடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றிக்கொண்டது என் மானத்தை. அது மட்டுமா, அந்தத் தண்ணீர்க் கேள்வியை எழுதிய இடத்தில், இதற்கு இப்படி ஒரு விடை உண்டு, இதுவரை எந்த நடிகரும் இதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை என்று, என் சொந்த மூளையில் உதித்தது மாதிரி ஒரு பத்தி சேர்த்தேன். படித்தவர்கள் எல்லாரும் அந்தப் பத்தியைத்தான் மெச்சினார்கள்.

இதழ் வெளிவந்தது. துறைத் தலைவர் தோளில் தட்டினார். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகை அதைச் சுருக்கிப் போட அனுமதி கேட்டது. எல்லாக் கடைகளிலும் தொங்குகிற பத்திரிகை. ஒரு நிமிஷம் யோசித்தேன். என் போட்டோவும் போடுவார்கள் என்று எழுதியிருந்தது. சரி என்று பதில் போட்டேன்.

பத்திரிகை வந்த மறுவாரம் நாடக ஏஜெண்டு ராவுத்தர் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். மார்க்கெட் பக்கம் பீடிக்கடை வைத்திருந்தார், நாடகத் தேதி எல்லாம் அங்கேதான் முடியும். டீ வாங்கிக் கொடுத்து, கட்டுரையில் ஏழெட்டுப் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். ராஜபார்ட்டுகள் எல்லாம் கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம், மதுரைப் பக்கம் ஒருத்தர் அதை வெட்டி நோட்டில் ஒட்டியே வைத்திருக்கிறாராம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நடிகர்களே என் கட்டுரையைப் படிக்கிறார்கள்! அவர்கள் எதற்காகப் படிக்கிறார்கள் என்று யோசிக்கிற அளவுக்கு அறிவு வேலை செய்யவில்லை. எம்.ஏ. படித்த மண்டை.

அந்தப் பங்குனியில் திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர்த் திருவிழா. அக்காவுக்குத் தேதி. ராஜபார்ட், என் கட்டுரையை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்ட அதே மதுரைக்காரர். அன்று மத்தியானம் வழக்கம்போல நோட்டை எடுத்து அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். முன்வரிசையில் நாற்காலி போடுகிறேன் என்று ராவுத்தர் கூப்பிட்டிருந்ததால் நானும் போனேன். கையில் குறிப்பெடுக்க வேறொரு நோட்டும் பென்சிலும்.

தர்க்கம் தொடங்கியது. அக்கா குடத்தோடு நின்று, எந்தக் கையை நீட்டப் போகிறீர் என்று கேட்டார். ராஜபார்ட் கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு சாவகாசமாக, "கை எதற்குப் பெண்ணே? குடத்தைச் சாய். அண்ணாந்து குடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, முழங்காலிட்டு வாயைத் திறந்து காட்டினார்.

பந்தல் அதிர்ந்தது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சமாளித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கும் பதில் தயாராக இருந்தது. மூன்றாவதுக்குக் கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்தது. கூட்டத்திலிருந்து ஒருத்தன், "ஊத்துத்தா, பாவம் தாகமா இருக்காரு" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அப்போது என் பக்கம் திரும்பினார். என்மேல் கோபம் இல்லை அந்தப் பார்வையில். புருஷன் இருந்திருந்தால் அவரைப் பார்த்திருப்பாரே, அப்படிப் பார்த்தார். ஏதாவது எடுத்துக் கொடுக்கமாட்டேனா என்று. நான் குனிந்து நோட்டில் என்னவோ கிறுக்கினேன். ஹார்மோனியக்காரர் பாட்டுக்குப் போய்க் காட்சியை ஒப்பேற்றினார்.

மறுநாள் திரும்பி வந்ததும் அக்கா கேட்ட ஒரே கேள்வி, அந்த ஆளுக்கு அது எப்படித் தோன்றியது என்பதுதான். தானாகத் தோன்றியிருக்கும் அக்கா, கெட்டிக்காரர் போலிருக்கிறது என்றேன். ஆமாம், கெட்டிக்காரர்தான் என்று அவரும் சொன்னார்.

இதோடு நிறுத்தியிருந்தாலும் நான் ஒரு சாதாரண அயோக்கியனாக இருந்திருப்பேன். வாரப் பத்திரிகைக்காரர்கள் அந்த நாடகத்துக்கு ஒரு விமர்சனம் கேட்டார்கள். முடியாது என்று சொல்ல ஒரு போஸ்ட்கார்டு போதும். நான் எழுதினேன். ராஜபார்ட்டின் சமயோசிதத்தைப் புகழ்ந்துவிட்டு, ஸ்திரீபார்ட் பழைய சரக்கையே எத்தனை நாளைக்கு விற்க முடியும், காலம் மாறிவிட்டதை அவர் உணரவேண்டும் என்று முடித்தேன். உண்மையை எழுதினால் நான் மாட்டிக்கொள்வேன். இப்படி எழுதினால் எல்லாம் இயற்கையாக நடந்தது போல ஆகிவிடும். யோசித்து, திட்டம் போட்டு எழுதிய வரிகள் அவை. அதற்கு நல்ல நடை என்று பெயர் வேறு கிடைத்தது.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் நோட்டைப் பற்றிப் பேசவில்லை. கடிதங்களையும் பத்துப் பன்னிரண்டு வயசு மகளையே வாசிக்கச் சொன்னார். என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் அப்போதுதான் லெக்சரர் ஆகியிருந்தேன். அந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் ராவுத்தர் சொன்னார், அந்த நாடகத்துக்குப் பிறகு தானே என் கட்டுரை வந்த பத்திரிகையை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், உங்கள் வீட்டுத் தம்பி எழுதியது என்று பெருமையாகக் கொடுத்ததாகவும், மகள் எழுத்துக் கூட்டி முழுவதையும் வாசித்ததாகவும், அக்கா கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்டதாகவும்.

புதுக் கேள்விகள் யோசித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு தடவை வாயடைத்து நின்றவர் என்று பெயர் பரவிவிட்டால், எதிரே நிற்பவனுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. கடிதங்கள் குறைந்தன. இரண்டு வருஷத்தில் தேதியே இல்லாமல் போயிற்று. எனக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று. அறையைக் காலி செய்கிற அன்று அக்கா கடைக்குப் போயிருந்தார். அவர் கடைக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் வண்டியை வரச் சொல்லியிருந்தேன்.

கட்டுரை வளர்ந்து புத்தகம் ஆயிற்று. புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்தவனைக் கமிட்டிகளில் போட்டார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், வயதான, தொழில் இல்லாத நாடகக் கலைஞர்களுக்கு உதவித்தொகை கொடுப்பதற்கு ஆள் தேர்ந்தெடுக்கிற கமிட்டி ஒன்று புதுக்கோட்டையில் கூடியது. ஒரு பள்ளிக்கூடத்து ஹால். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற பேராசிரியர், புத்தகத்துக்குப் பரிசு கொடுத்த குழுவிலும் இருந்தவர். ஒரு பக்கம் ஒரு அதிகாரி. இன்னொரு பக்கம் நிபுணர், அதாவது நான்.

விண்ணப்பங்களை முன்னாலேயே அனுப்பியிருந்தார்கள். நான் படிக்கவில்லை. ஆறாவதாகவோ ஏழாவதாகவோ அக்கா உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயசுக்கு அறுபது மாதிரி இருந்தார். பழைய நாடக நோட்டீஸ்கள் நாலைந்தை மடித்துக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

நோட்டீஸில் இருக்கிற போட்டோவில் முகம் தெரியவில்லை, நீங்கள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். தலைவர் நல்ல மனுஷர், அதெல்லாம் வேண்டாம், ஏதாவது ஒரு தர்க்கம் சொல்லிக் காட்டட்டும், திறமை தெரிந்துவிடும் என்றார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பில் இல்லாத குடத்துக்குக் கையைக் கொடுத்து நின்றார். தண்ணீர் தருகிறேன், ஏந்துவதற்கு எந்தக் கையை நீட்டப் போகிறீர் என்று தொடங்கினார். ஐந்தாறு வருஷமாக மேடை ஏறாதவர். குரல் அப்படியே இருந்தது. ராஜபார்ட்டின் பதிலையும் அவரே சொல்லி, தன் பதிலையும் சொல்லி, அடுத்த கேள்விக்குப் போனார். தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இது சார் புத்தகத்துல அப்படியே இருக்கேம்மா. படிச்சிட்டு வந்து ஒப்பிக்கிறீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

இல்லை, இவர் சொல்லித்தான் நான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். நான் முன்னால் கிடந்த விண்ணப்பத்தைப் புரட்டினேன். ஒரு பக்க விண்ணப்பம் அது. மறுபக்கம் வெறும் தாள். அந்த வெறும் தாளை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருப்பவர் பரிசு கொடுத்தவர். நிபுணன் என்று போட்ட நாற்காலி. அந்த நாற்காலி போய்விடுமே என்ற பயம், வேறு ஒன்றும் இல்லை.

"ஆமாங்க" என்றார் அக்கா. "சார் புத்தகத்துல இருக்கிறதுதான். எம்மக வாசிச்சுக் காட்டுச்சு."

சொந்தமாக ஏதாவது சொல்லுங்கள் என்றார் தலைவர். நினைவில்லை என்று சொல்லிவிட்டு, நோட்டீஸ்களை மடித்து எடுத்துக்கொண்டு அக்கா வெளியே போனார். என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் அவர் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். அவர் பேசவில்லை. பேசினால் யாரை நம்புவார்கள் என்று தெரிந்துதான் பேசவில்லையோ என்னவோ.

சொந்தத் திறனுக்குப் போதிய சான்று இல்லை என்று தலைவர் சொல்லச் சொல்ல, நிபுணரின் கருத்து என்ற கட்டத்தில் என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மத்தியானம் பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நாலு வருஷம் கழித்துப் புத்தகம் தமிழ் வாத்தியார்கள் படிக்கிற புலவர் பரீட்சைக்குப் பாடமாயிற்று. இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை கேட்டார்கள். எனக்கு அப்போது தைரியம் வந்திருந்தது. வேலை நிரந்தரம், பதவி நிரந்தரம், இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆன பிறகு வருகிற தைரியம். முன்னுரையில் எல்லாவற்றையும் எழுதினேன். இந்தத் தர்க்கங்கள் முழுவதும் இன்னார் சொன்னவை, அவர் பெயரை நான் மறைத்தேன், அதனால் அவர் தொழில் கெட்டது என்று, பெயர், ஊர் எல்லாம் போட்டு. எழுதி முடித்ததும் மனசு லேசாக இருந்தது. அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் வாசித்துக் காட்டலாம் என்று தோன்றியது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் காலில் விழுவது போலக்கூட மனசுக்குள் ஒரு காட்சி ஓடியது. அதிலும் எனக்குத்தான் முக்கிய வேஷம்.

ராவுத்தரிடம் விசாரித்துக்கொண்டு திருமயத்துக்கு பஸ் ஏறினேன். அக்கா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிற வேலையில் இருந்தார். மகள் டீச்சர் டிரெயினிங் முடித்து, அதே ஊரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோட்டைக்குப் பின்னால் சின்ன வீடு. ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் இருந்தார்கள். வாங்க சார் என்றார் அக்கா. பாய் போட்டார். மோர் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொல்லி, தாள்களை நீட்டினேன்.

மகள் வாங்கி முதலில் தனக்குள் படித்தாள். பிறகு அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி மெதுவாக வாசித்தாள், தெருப்பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு. கதவைச் சாத்தியபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். பெயர் வந்த இடத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இத எடுத்துருங்க சார்."

கூச்சத்தில் சொல்கிறார் என்று நினைத்து, இல்லை அக்கா, இது உங்களுக்குச் சேர வேண்டியது, நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று பேச ஆரம்பித்தேன். மேடைப் பேச்சு மாதிரியே வந்தது. அவர் முடிக்கவிட்டார். பிறகு சொன்னார், தையில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறதாம். மாப்பிள்ளை கறம்பக்குடி, விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை வீட்டில் பெண்ணின் அப்பா பாட்டு வாத்தியார் என்றுதான் சொல்லியிருக்கிறதாம். அம்மா நாடகத்துக்குப் போனவள் என்று தெரிந்தால் தாம்பூலம் மாற்றியதோடு நின்றுவிடும்.

அவர்கள் எங்கே இந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறார்கள் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், இதே வாக்கியத்தை முன்னால் ஒரு தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டது உறைத்தது.

"மாப்பிள்ளை தமிழ் வாத்தியாருங்க" என்றார் அக்கா. "புலவர் பரீட்சைக்குப் படிக்கிறாரு. ஒங்க புத்தகத்தத்தான் மேசையில வச்சிருக்காராம்." அவர் குரல் உயரவே இல்லை. "பேரு வேணுங்கிற காலத்துல நீங்க போடல. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. இப்ப ஒங்களுக்கு மனசு லேசாகணும். அதுக்கு எம்மக கல்யாணம் நிக்கணுமா?"

மகள் உள்ளே போய்ப் பேனாவை எடுத்துவந்து நீட்டினாள். முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு பெயரை அடித்தேன், ஊரை அடித்தேன். அவள் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னும் எழுத்துத் தெரிகிறது என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நான் மறுபடியும் அழுத்தி அடித்தேன்.